ஐந்தாவது கேஜ்

காலையில் கருவியைப் போட்டதும் எல்லா எண்களையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் நான் டீ குடிக்கப் போவேன். குளித்துவிட்டு விபூதி பூசிக்கொள்வதுபோல அது எனக்குப் பழகிப்போன ஒன்று. திரையில் வரிசையாகச் சுழிகள் நின்றால் மனசுக்கு நிம்மதி. என் பெயர் குமரேசன், ஊர் கோலியனூர். திண்டிவனம் கல்யாண மண்டபத்தில் இருதயசெல்வி இறந்ததைப் பற்றி முன்பே உங்களிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன் ஐயா. அது பொய். இன்று நானாகத்தான் பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் வேலை என்னவென்று சொல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. ஒரு கட்டடம் பாரம் தாங்குமா என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் தொழில். இரும்பு பீமில் தபால்தலையைவிடச் சின்னதாக ஒரு மெல்லிய தகட்டை ஒட்டுவோம். அதைக் கேஜ் என்போம். பாரம் ஏறினால் இரும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு நீளும், கூடவே கேஜும் நீளும். ஒயர் வழியாக அது பெட்டிக்கு வந்து லேப்டாப்பில் எண்ணாகத் தெரியும். பாரத்தைக் கூட்டாமல் அப்படியே விட்டால் எண்ணும் அப்படியே நிற்க வேண்டும். பாரம் ஏறாமல் எண் மட்டும் ஏறினால் ஒன்று கேஜில் கோளாறு, இல்லாவிட்டால் இரும்பு விட்டுக்கொடுக்கிறது.

மண்டபத்துக்காரர் கிருஷ்ணசாமி நல்ல மனிதர். சாப்பாட்டுக் கூடத்துக்கு மேலே புதிதாக ஒரு தளம் போட்டிருந்தார். அது தாங்குமா என்று பார்க்க எங்களைக் கூப்பிட்டார். மேல்தளத்தில் தினமும் கொஞ்சம் மணல் மூட்டைகளை அடுக்குவோம். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் நடமாடக் கூடாது. வாசலில் குறுக்கே கயிறு கட்டினேன். நானே கட்டினேன்.

இருதயசெல்வி வளவனூர்ப் பெண். எங்கள் கம்பெனியில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கேஜ் ஒட்டுவதில் அவள் கை என் கையைவிடச் சுத்தம். இரும்பைத் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவாள். ஒருநாள்கூட நான் அவளைப் பாராட்டியதில்லை. பாராட்டினால் தலைக்கனம் ஏறிவிடும் என்று நினைத்தேன். அவளுடைய நல்லதுக்காகத்தான்.

ஐந்தாவது பீமில்தான் தகராறு. அதை இரண்டு துண்டாகக் கொண்டுவந்து நடுவில் வெல்டிங் வைத்துச் சேர்த்திருந்தார்கள். அந்த வெல்டிங்குக்குப் பக்கத்தில் இருந்த கேஜ் ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் ஏறியிருக்கும். காலையில் வந்து நான் பூஜ்யம் போட்டுவிடுவேன். அன்றைய மூட்டைக்கு அன்றைய எண். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்வது என் முறை. ராத்திரி ஏறியது மட்டும் எந்தக் கணக்கிலும் வராது. அது வெயிலும் பனியும் செய்கிற வேலை என்று நான் நம்பியிருந்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் பார்த்தேன். இதே கையால் நான் பார்த்த மற்றக் கட்டடங்களையும் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள் ஐயா.

இருதயசெல்விதான் அதைக் கண்டுபிடித்தாள். அவள் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். கிருஷ்ணசாமியும் அவருடைய இன்ஜினியர் அன்புச்செல்வனும் நின்றுகொண்டிருந்தபோது சொன்னாள்.

"ராத்திரி மூட்டையே ஏத்தல அண்ணா, நம்பர் மட்டும் ஏறிக்கினே போவுது. காலைல நீங்க ஜீரோ போட்டு அத அழிச்சிடறீங்க. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா பயமா இருக்குது."

குரலில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அன்புச்செல்வன் என்னையே பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே, ஒட்டு சரியில்லாவிட்டால் கேஜ் இப்படித்தான் பேய் பிடித்த மாதிரி ஏறும், புதுக் கை இல்லையா என்றேன். அவர்களும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒயரைச் சுருட்டினாள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது இனித்தது.

நான் பொறுப்பில்லாதவன் அல்ல. அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு முறைப்படி சோதித்துப் பார்த்தேன். மூட்டை ஏறாத அந்த நேரத்திலும் ஐந்தாவது எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஐந்தாவது ஒயரைக் கழற்றி ஆறாவது ஒயரின் இடத்தில் மாட்டினேன். பெட்டியில் கோளாறு என்றால் கோளாறு அந்த இடத்திலேயே நின்றிருக்கும். நிற்கவில்லை, ஒயரோடு சேர்ந்து வந்தது. பெட்டி நன்றாகத்தான் இருந்தது. ஒயரை ஆட்டிப் பார்த்தேன், எண் குதிக்கவில்லை; ஒயரும் சரி. பிறகு அதே பீமின் மறுபக்கம் புதிதாக ஒரு கேஜை என் கையால் ஒட்டினேன். என் ஒட்டில் யாரும் குறை சொல்ல முடியாது. அதைத் தனியாகப் பதியவிட்டு வந்தேன்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு கேஜும் ஒன்றையே சொன்னன. என்னுடையது கொஞ்சம் கூடுதலாகவே சொன்னது. வெல்டிங் விட்டுக்கொண்டிருக்கிறது.

மூட்டையை இறக்குங்கள் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். வாய்வரைக்கும் வந்தது. சொன்னால், அந்தப் பெண் சொன்னதுதானே சரி என்று அன்புச்செல்வன் கேட்பார். அந்த ஒரு கேள்வியை என்னால் தாங்கிக்கொள்ள முடியும் என்று தோன்றவில்லை. பிளேடை எடுத்து என் கேஜைச் சுரண்டினேன். ஸ்பிரிட் போட்டு இரும்பைத் துடைத்தேன். லேப்டாப்பிலிருந்து அந்தப் பதிவையும் அழித்தேன். பிறகு வழக்கம்போலப் பூஜ்யம் போட்டேன்.

மூட்டை ஏற்றும் ஆட்கள் இன்னும் வரவில்லை. இருதயசெல்வி வந்ததும் நேராக என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது. ராத்திரியெல்லாம் யோசித்ததாகவும், பக்கத்தில் இன்னொரு கேஜ் ஒட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்றும் சொன்னாள்.

"நான் ஒட்டிப் பாத்துட்டம்மா. சுழிலயே நிக்குது. இரும்புல ஒண்ணும் இல்ல, உன் ஒட்டுதான்" என்றேன்.

அவள் நம்பினாள். நம்பாமலிருக்க அவளுக்கு என்ன காரணம் இருந்தது? நான் பெரியவன், வேலை தெரிந்தவன். அவள் முகத்தில் வருத்தமும் நிம்மதியும் சேர்ந்தே வந்தன.

"அப்ப தப்பு என் பேர்லதான் அண்ணா. எல்லார் எதுர்லயும் அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சிக்கோங்க. நானே போயி மாத்தி ஒட்டிட்டு வந்துடறேன்."

கயிற்றைத் தூக்கிப் பிடித்தது நான்தான். குனிந்து உள்ளே போனாள். ஏணியைத் தானே இழுத்துச் சாய்த்துக்கொண்டாள்.

அவளுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று நீங்கள் எண்ண வேண்டாம். அந்த இரும்பு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று நினைத்தேன். அவள் ஒட்டிவிட்டு வெளியே வந்துவிட்டால், ஏதாவது சாக்குச் சொல்லி மெல்ல மூட்டையை இறக்கிவிடலாம் என்று திட்டம் வைத்திருந்தேன். யாருக்கும் தலைகுனிவு இல்லாமல் முடிந்திருக்கும்.

சத்தம் ஒரே ஒரு தடவைதான் கேட்டது. அப்புறம் மணல் கொட்டிக்கொண்டே இருந்தது.

சொல்லச்சொல்லக் கேட்காமல் கயிற்றைத் தாண்டிப் போய்விட்டாள் என்று உங்களிடம் சொன்னேன். கிருஷ்ணசாமியிடமும் அதையேதான் சொன்னேன். அவள் அப்பா ஞானராஜ் அதைக் கேள்விப்பட்டார். கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்னதுல இருந்தே அப்படித்தான் சார், சொன்ன பேச்சு கேக்காது. உங்களுக்குத்தான் பேஜாராப் போச்சு. மனசுல வெச்சிக்காதீங்க" என்றார்.

நான் தலையாட்டினேன். பெண்ணைப் புதைத்துவிட்டு வந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அதை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வெட்கம் என்று சொல்கிறார்களே, அது முகத்தில் இருப்பது என்று நினைத்திருந்தேன். அது வயிற்றில் இருக்கிறது ஐயா. எனக்கு என்ன தண்டனை என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் செத்தாள் என்று அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஏணியில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் கீழே நின்று பிடிப்பது எங்கள் வழக்கம். கயிற்றைத் தாண்டிப் போனவளைக் கூப்பிட்டு வராமல் நீ ஏன் வாசலிலேயே நின்றாய் என்று அன்று கேட்டீர்கள். போன் வந்தது, உள்ளே டவர் கிடைக்காது என்றேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அவள் ஏணி மேலிருந்து, "கொஞ்சம் பிடிங்க அண்ணா, ஆடுது" என்று கூப்பிட்டாள். ஜல்தி முடி, வர்றேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். போன் எதுவும் வரவில்லை ஐயா. அந்த பீமுக்குக் கீழே இன்னொரு தடவை போய் நிற்க எனக்குப் பயமாக இருந்தது.