பதின்மூன்றாவது வரிசையை எழுதியவருக்கு

‘ஒரு வரிசைதானே. எடுத்துவிட்டாலும் மற்றப் பன்னிரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். டாக்னியின் வார்டும் திறந்திருக்கும்.’

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரிப் பிற்பகலில், மேசைமீது விரித்த அட்டவணையைப் பார்த்தபடி நீங்கள் இப்படித்தான் நினைத்தீர்கள். வெகுநாள் கழித்து நீங்களே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்று பின்மேசையில் இருந்த எங்களுக்கு உங்கள் முதுகு மட்டுமே தெரிந்தது. அது அசையவில்லை.

முப்பத்துநான்கு ஆண்டுகள் இந்த வாஷிங்டனில் வரவையும் செலவையும் வாய்மை வழுவாமல் நிறுத்தவரே, வந்தவர் எவராயினும் வளையாத எண்ணையே வழங்கியவரே, எங்கள் மூத்தவரே, மதிப்பிற்குரிய வெர்னா ஓக்கர்லண்ட் அவர்களே, வணக்கம்.

விடைகொடுக்கும் நாளில் நற்குணங்களை அடுக்குவது மரபு. எழுத உட்கார்ந்தபோது என் மனம் அடுக்க மறுத்து, அந்த ஒரு பிற்பகலையே சுற்றி வந்தது. உங்கள் அனுமதி பெற்று அதையே இங்கு வாசிக்கிறேன்.

நாடாளுமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தால், அது நாட்டின் கடனைப் பத்தாண்டுகளில் எவ்வளவு ஏற்றும் அல்லது இறக்கும் என்று வாக்கெடுப்புக்கு முன் எழுதித் தருவது நம் அலுவலகத்தின் வேலை. வரியைக் குறைத்தால் வரவு சுருங்கும். திட்டங்களைக் கூட்டினால் செலவு பெருகும். இரண்டையும் ஒரே தாளில் செய்தால் இடையில் விழும் பள்ளத்தைக் கடன்தான் நிரப்பும். இவ்வளவுதான் விஷயம் என்பீர்கள். ஆனால் குறைத்த வரியால் தொழில் எவ்வளவு வளரும், அந்த வளர்ச்சியில் எவ்வளவு கஜானாவுக்குத் திரும்பும், திரும்பாத பங்குக்கு வட்டி என்ன என்று ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் உட்கார்ந்தீர்கள். வரி குறைக்கும் கட்சி உங்களைக் கஞ்சத்தனமானவர் என்றது. செலவு கூட்டும் கட்சி கல்நெஞ்சக்காரி என்றது. இரண்டு கட்சிக்கும் ஒரே பென்சிலைத்தான் சீவினீர்கள்.

மதியத்தில் மேசையிலேயே டின் மீனும் ரை தானிய ரொட்டியும் சாப்பிடுவீர்கள். டின்னைத் திறந்ததும் லீராய் டிப்ஸ் தம் நாற்காலியைச் சன்னல் பக்கம் தள்ளிக்கொள்வார். “வெர்னா, இந்த நாத்தத்துக்கு யாராவது வரி போடக் கூடாதா?” என்பார். “உங்க மேசைமேல மூணு மசோதா திறந்து கிடக்கு, லீராய். நாத்தம் மீன்லேருந்துதான் வருதுன்னு எப்படிச் சொல்றீங்க?” என்பீர்கள் நிமிராமல். நீங்கள் சிரித்து நாங்கள் பார்த்தது குறைவு. சிரிக்க வைத்தது அதிகம்.

அந்தப் பிப்ரவரியில் வந்த மசோதாவுக்கு இரண்டு பாதிகள். ஒன்று, ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலர் வரிச்சலுகை. மற்றொன்று, கிராமப்புற மருத்துவமனைகளுக்கு மொத்தமாக ஒன்பதாயிரம் கோடி. இதனால் பத்தாண்டுகளில் கூடக்கூடிய கடனுக்கு மன்றம் தனக்கே விதித்துக்கொண்ட வரம்பு எழுபதாயிரம் கோடி. பத்தாண்டுச் சலுகை அதற்குள் அடங்காது. ஆகவே சலுகை ஆறாம் ஆண்டோடு முடியும் என்று எழுதினார்கள். கூட்டினால் அறுபத்தொன்பதாயிரம் கோடி. வரம்புக்குள் அழகாக உட்கார்ந்தது.

எழுதப்பட்ட சட்டத்தை எழுதப்பட்டபடியே கணக்கிடுவது நம் வழக்கம். ஆறாண்டு என்றால் ஆறாண்டு. கொடுத்த சலுகையைத் தேர்தல் நெருங்கும்போது பிடுங்க யாருக்கும் துணிவு வராது என்று எழுதியவர்களுக்கும் தெரியும், கணக்கிடும் நமக்கும் தெரியும். தெரிந்ததை எழுதாமல் விடுவதும் நம்மிடம் ஒரு வழக்கமாகிப் போயிருந்தது. நீங்கள் பன்னிரண்டு வரிசைகளை வழக்கப்படி நிரப்பினீர்கள். அதன்கீழ் இன்னொன்று சேர்த்தீர்கள்: ‘சலுகை பத்தாண்டுக்கும் நீட்டிக்கப்பட்டால், கடனில் கூடுவது ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் கோடி, வட்டி தனி.’ அதற்கு முந்தைய ஆட்சியில் மூன்றாண்டோடு முடிவதாக எழுதிய குழந்தைகள் உதவித்தொகைக்கும் நீங்கள் இதே வரிசையைச் சேர்த்திருந்தீர்கள். அதை அப்போது பாராட்டியவர்களே இப்போது ஆள் அனுப்பினார்கள்.

வந்தவர் கர்ட்டிஸ் பெல்லமி, மசோதாவைக் கொண்டுவந்த மன்றக் குழுத் தலைவரின் தலைமை உதவியாளர். உங்களோடு இருபது ஆண்டுப் பழக்கம் அவருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“எங்க தலைவர் ஒண்ணும் பொய் எழுதச் சொல்லல, வெர்னா. சட்டத்துல ஆறு வருஷம்னு இருக்கு. ஆறு வருஷத்துக்குப் போடுங்க. அதுதானே உங்க வழக்கம்?”

“பன்னிரண்டு வரிசையிலயும் அதைத்தான் போட்டிருக்கேன்.”

“அப்போ பதின்மூணாவது எதுக்கு?”

“ஏழாவது வருஷம் இந்தச் சலுகை நின்னுடும்னு நீங்க நம்பறீங்களா, கர்ட்டிஸ்?”

அவர் சிரித்துவிட்டார். “நான் நம்பறது உங்க அட்டவணையில வராதே.”

“அதனாலதான் ‘நீட்டிக்கப்பட்டால்’னு எழுதியிருக்கேன். நீட்டிப்பீங்கன்னு எழுதல.”

“வளர்ச்சி வரும், வெர்னா. போறதுல பாதி தன்னால திரும்பி வந்துடும்.”

“பாதி வராது. எவ்வளவு வரும்ங்கறதைக் கழிச்சுத்தான் பத்தாயிரம்னு போட்டிருக்கேன். ஏழாவது வரிசையைப் பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எல்க் மார்ஷ் ஆஸ்பத்திரியும் இதே மசோதாவுலதான் இருக்கு. உங்க ஊருதானே? உங்க தங்கச்சி அங்கதானே பிரசவ வார்டுல வேலை பார்க்கறாங்க? உங்களை மிரட்டறேன்னு நினைச்சுக்காதீங்க. இது விழுந்தா அதுவும் சேர்ந்து விழும். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.”

தங்கை டாக்னியின் வேலையைப் பற்றி அன்று காலையிலேயே நீங்கள் இயக்குநருக்கு எழுதிக் கொடுத்திருந்தீர்கள். உங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கணக்கு முழுதாகத் தெரியாது, தொடருங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். ஆகவே விதிப்படி எந்தப் பிழையும் இல்லை. விதி அங்கே நின்றுவிட்டது. அதற்கு அப்பால் வடக்கு மின்னசோட்டாவின் பனி இருந்தது. அந்த வார்டு மூடினால் அடுத்த மருத்துவமனைக்கு எழுபது மைல். பிப்ரவரிச் சாலையில் வலியெடுத்த பெண்ணோடு எழுபது மைல் போவது எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் தாயார் அப்படித்தான் டாக்னியைப் பெறப் போனார் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள்.

ஒரு வரிசைதானே என்று அப்போதுதான் நினைத்தீர்கள். எத்தனை நேரம் நினைத்தீர்களோ தெரியாது. ஒரு நல்ல காரியத்துக்காக ஓர் உண்மையைச் சற்றே ஒதுக்கி வைப்பதில் என்ன தவறு என்று மனம் கேட்கும்போது, அது எதிரியின் குரலில் கேட்பதில்லை. நமக்கு வேண்டியவர்களின் குரலில்தான் கேட்கிறது. அதைத் தாண்டுவது எளிது என்று இந்த மடலில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

“மன்றத்துல இருக்கறவங்க கண்ணுல படாம இதை நான் எடுத்தா, அவங்க எதுக்கு ஓட்டுப் போடறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது, கர்ட்டிஸ்,” என்றீர்கள். “இருக்கட்டும்.”

அட்டவணை பதின்மூன்று வரிசையோடு போனது. தயங்கி நின்ற உறுப்பினர் மூவர் அதைப் படித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். மசோதா உடைந்தது. பின்பு பாதியாகச் சுருங்கிய சலுகை மட்டும் நிறைவேறியது. மருத்துவமனைப் பணத்தை வெட்டிவிட்டார்கள். கடன் எவ்வளவு குறைவாக ஏறியது என்பதை நாம் கணக்கிட்டு வெளியிட்டோம். எல்க் மார்ஷ் பிரசவ வார்டு அந்த அக்டோபரில் மூடியது.

“நீ எழுதின ஒரே ஒரு லைன்ல எங்க வார்டு போச்சு, அக்கா” என்று டாக்னி தொலைபேசியில் சொன்னார். அதன்பின் குடும்பம் கூடும் நன்றியறிதல் நாள் விருந்துக்கு இரண்டு நவம்பர்களிலும் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. வெட்டியவர்கள் வேறு, எழுதியவர் வேறு என்று நாங்கள் உங்களிடம் எத்தனையோ முறை சொன்னோம். நீங்கள் மறுத்ததில்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. அடுத்த நாள் வந்து அடுத்த மசோதாவைத் திறந்தீர்கள். இன்று இப்பிரிவில் எந்த மசோதாவுக்கும் பதின்மூன்றாவது வரிசை உண்டு. யாரும் கேட்காமலே அதை எழுதுகிறோம்.

அம்மையீர், உடல் உரமும் உள்ளத் தெளிவும் உடன்பிறந்தாரின் உறவும் குறையாமல் நெடுங்காலம் நீங்கள் நலமே வாழ வேண்டும். காலையில் கடிகாரம் எழுப்பாமல் எழுந்து, எவருக்கும் எந்த எண்ணும் சொல்லக் கடமைப்படாமல், உங்கள் மீனை அமைதியாக உண்ண வேண்டும். இதுவே எங்கள் அனைவரின் வேண்டுதல்.

இந்த மடலோடு, அந்த அட்டவணையில் பதின்மூன்றாவது வரிசை உள்ள நான்காம் பக்கத்தையும் சட்டமிட்டு உங்களுக்குத் தர விரும்பினோம். லீராய் கண்ணாடிச் சட்டமும் வாங்கிவிட்டார். சென்ற வாரம் உங்களிடம் சொன்னோம். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.

“டாக்னி அடுத்த மாசம் வர்றா,” என்றீர்கள். “நாலு நாள் தங்கறதா சொல்லியிருக்கா. எங்க வீட்டுல ஒரே ஒரு சுவர்தான் காலியா இருக்கு. அதுக்கு எதிர்லதான் அவ சாப்பிட உக்காருவா.”

“அப்போ அலமாரியில வெச்சுக்கோங்களேன். அவங்க போனப்புறம் மாட்டிக்கலாம்,” என்றார் லீராய்.

“வேண்டாம், லீராய். அது ஆஃபீஸ் பேப்பர். இங்கயே இருக்கட்டும்.”

என்றும் உங்கள் அன்பில்,
வரி மதிப்பீட்டுப் பிரிவினர்
(அனைவர் சார்பிலும், ரோசலின்ட் டுப்ரே)