இரவல் ஏணியும் இருபத்தைந்து மதிப்பெண்ணும்

ஏணி திரும்பி வந்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என் வாக்குமூலத்தில் முரண்பாடு இருக்கிறதென்று விசாரணை அதிகாரிகளான நீங்கள் சங்கடப்படக் கூடாது. ஐம்பத்தாறு வயதில் கிழமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் நான்காம் படி வளைந்திருந்தது. அதில் சந்தேகம் இல்லை.

என் மனைவியின் அண்ணன் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். மின்விசிறி துடைக்க வேண்டும் என்று என் மடக்கு ஏணியை இரவல் வாங்கிப் போனார். அலுமினிய ஏணி, ஆறு படி. இரண்டு நாளில் கொண்டுவந்து வாசல் சுவரில் சாத்திவைத்தார். அதன் பிறகு ஒருநாள், மறுநாளாக இருக்கலாம், மறுவாரமாகவும் இருக்கலாம், நான்காம் படி நடுவில் தொய்ந்திருப்பதைக் கண்டேன். மாடிக்குப் போய்க் கேட்டேன்.

"மாப்ள, நான் மூணாம் படிக்கு மேல ஏறவே இல்ல. உசரம்னாலே எனக்குத் தலை சுத்தும். வேணும்னா எம் பொண்ணக் கேளுங்க, அவதான் ஏணியப் புடிச்சிட்டிருந்தா" என்றார்.

நான் அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. கேட்பது என் வழக்கமல்ல. எனக்குக் கைவந்தது மௌனம். பதினான்கு மாதம் மச்சானோடு பேசவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரிலிருக்கும் மின்மீட்டரைப் படிப்பேன். "என்ன மாப்ள, எவ்ளோ ஓடியிருக்கு?" என்று கேட்பார். அதற்கும் பதில் சொன்னதில்லை.

"ஒரு ஏணிக்காகவா இப்படி?" என்றாள் என் மனைவி.

"ஏணிக்காக இல்ல. நியாயத்துக்காக."

"அப்ப அந்த நியாயத்துமேல ஏறி, பரண்ல இருக்கற பெட்டிய எடுத்துக் குடுங்க."

வீட்டில் என் கட்சிக்கு ஆள் இல்லை என்று அன்று புரிந்தது. ஒரு மனிதன் தன் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று வெளியாரிடம் கேட்டுப் பார்க்க நினைப்பது குற்றமாகாது. நான் கேட்ட வெளியார் முப்பத்தோராயிரம் பேர் என்பதுதான் உங்களுக்கு உறுத்துகிறது.

கல்லூரி நுழைவுத்தேர்வில் எழுத்துத்திறன் தாளுக்கு ஒன்பது ஆண்டுகளாக நான்தான் முதன்மைத் தேர்வாளர். அந்தத் தாளின் நோய் உங்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் பயிற்சி மையத்தில் இருபது கட்டுரைகளை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். தலைப்பு எதுவானாலும் மூன்றாவது வரியில் அந்த இருபதில் ஒன்றுக்குள் புகுந்துவிடுவார்கள். மனப்பாடம் செய்ய முடியாத கேள்வி ஒன்று வேண்டும் என்று வினாக்குழுவே பல ஆண்டுகளாகப் புலம்பிக்கொண்டிருந்தது. நான் கொடுத்தேன்.

'ஒருவர் தம் உறவினரிடமிருந்து ஏணி ஒன்றை இரவல் வாங்குகிறார். திருப்பித் தந்த பின் அதன் நான்காம் படி வளைந்திருப்பது தெரிகிறது. தவறு யாருடையது? முந்நூறு சொற்களில் காரணங்களுடன் எழுதுக. (25)'

குழுவினர் கைதட்டாத குறை. "எப்படி சார் இந்த மாதிரியெல்லாம் தோணுது?" என்று ஒருவர் கேட்டார். நான் அடக்கமாக இருந்தேன்.

தேர்வு எழுதுவோரில் என் உறவினர் எவரும் இல்லை என்ற படிவத்தில் கையெழுத்திட்டது உண்மைதான். மச்சான் மகள் அந்த ஆண்டு எழுதுகிறாள் என்பது தெரியும். பத்தாம் வகுப்பிலிருந்தே அவள் சட்டக் கல்லூரி, சட்டக் கல்லூரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அறுபதே இடங்கள். எழுத்துத்திறன் தாள் கைவிட்டால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. ஆனால் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டை உறவு என்று எப்படி எழுதுவது? பொய்யான தகவல் தர என் மனம் ஒப்பவில்லை.

திருத்தும் மையம் ஒரு பள்ளியின் கூட்ட அரங்கு. நீள மேசைகள், நூல் கட்டிய விடைத்தாள் கட்டுகள், தாள் பறக்காமலிருக்க மேலே தண்ணீர்ப் புட்டிகள். முதல் நாள் மாதிரிக்காக இருநூறு தாள்களை நானே படித்தேன். நூற்று நாற்பத்து மூன்று பேர், இரவல் கொடுத்தவர்மீதே தவறு என்று எழுதியிருந்தார்கள். கொடுக்கும்போதே அவர் படியைச் சோதித்திருக்க வேண்டுமாம். ஒருவன், 'படி வளைந்தது பெரிதல்ல, அவர் மனம் வளையவில்லை' என்று எழுதியிருந்தான். இருபத்தாறு பேர், 'ஏணி மரத்தால் ஆனது. மரம் நமக்கு நிழல் தருகிறது' என்று தொடங்கி, மரம் வளர்ப்பின் பயன்களை ஒப்பித்திருந்தார்கள். மீதி முப்பத்தொரு பேர்தான் நன்றாக எழுதியிருந்தார்கள்.

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. ஒரு தலைமுறையே சிந்திக்கத் தெரியாமல் வளர்ந்துவிட்டதே என்ற துக்கம். பிறகு விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: 'இரவல் கொடுத்தவரைக் குறைகூறுவது அடிப்படைத் தருக்கப் பிழை. பதினைந்து மதிப்பெண் கழிக்க.'

திருத்துபவர்களில் ஒரு அம்மையார் உண்டு. எவருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை என்பதால் அரைமார்க் அக்கா என்று பெயர். அவர் எழுந்து நின்றார். "சார், எழுதற திறமையத்தான பாக்கறோம்? புள்ளைங்க எந்தக் கட்சியா இருந்தா நமக்கென்ன?"

"பிழையான முடிவ நல்லா எழுதறது ஆபத்து மேடம்" என்றேன்.

"இந்த ஏணிக்காரர உங்களுக்குத் தெரியுமா சார்?"

அரங்கில் சிரிப்பு எழுந்தது. நான் சுவரில் மின்மீட்டர் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

அந்த ஒரு வரியால் பத்தொன்பதாயிரம் பிள்ளைகள் மதிப்பெண் இழந்தார்கள் என்கிறீர்கள். எண்ணிக்கை சரியாக இருக்கலாம். நான் யாருடைய மதிப்பெண்ணிலும் கை வைக்கவில்லை. விடைக்குறிப்புதான் கழித்தது.

ஆறாம் நாள் அரைமார்க் அக்கா ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். "சார், இது எந்தக் கட்சியிலயும் சேரல. ஆனா படிச்சிட்டு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கற்பனைன்னா இதான் கற்பனை. இருபத்தஞ்சும் போடலாம்னு இருக்கேன்."

எழுதியவர் யாரென்று தெரியாமலிருக்க டம்மி எண் ஒட்டிய தாள். நம்பர்தான் டம்மி, கையெழுத்து டம்மி இல்லை. பார்த்ததும் யாருடையது என்று தெரிந்தது. அதில் இருந்ததை வரி மாறாமல் சொல்ல முடியும்.

'ஏணி திரும்பி வந்த பிறகு என்ன நடந்தது என்று கேள்வி சொல்லவில்லை. எனக்குத் தெரியும். சீருடைக்கு இஸ்திரி போடக் கீழ்வீட்டுக்குப் போயிருந்தேன். ஏணியின் சொந்தக்காரர் பரணிலிருந்து ஒரு கட்டுப் புத்தகத்தை எடுத்தவர், இறங்க மறந்து, நான்காம் படியில் நின்றபடியே ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். மற்றவற்றை அக்குளில் இடுக்கியிருந்தார். நான் இரண்டு சட்டைகளை முடிக்கும்வரை வாசித்தார். கடக் என்று ஒரு சத்தம் வந்தது. அவர் பக்கத்தைப் புரட்டினார். அவர் பொய்யர் அல்ல. வாசிக்கும்போது அவருக்கு உலகம் கேட்பதில்லை. அன்றே யாராவது மெதுவாக அவரிடம் சொல்லியிருந்தால் இரண்டு வீடுகள் பேசிக்கொண்டிருக்கும். நான் சொல்லவில்லை. அந்த அளவில் தவறு என்னுடையது.'

"என்ன சார், இருபத்தஞ்சும் போட்டுரலாமா?" என்றார் அரைமார்க் அக்கா.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். தெளிவான கையெழுத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டேன். ஓரத்தில், 'சாட்சி பக்கச்சார்புடையவர். சம்பவத்தின்போது இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததால் கவனம் சிதறியிருக்க வாய்ப்புண்டு' என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். மச்சான் மகள் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் குறிப்போடு அவள் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். என் கையெழுத்துதான். மறுக்கவில்லை.

அதற்குப் பின் நடந்தவை உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. எல்லாத் தாள்களும் மறுபடி திருத்தப்பட்டன. பத்தொன்பதாயிரம் பேருக்கும் கழித்த மதிப்பெண் திரும்பக் கிடைத்தது. மரம் வளர்த்தவர்களுக்கு ஏதும் கிடைக்கவில்லை. மச்சான் மகள் இருபத்தைந்து பெற்றுச் சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். அரைமார்க் அக்கா முதன்மைத் தேர்வாளர் ஆகிவிட்டார். நான் பணியிடைநீக்கத்தில் இருக்கிறேன். வீட்டில் வாசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. என் மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பெரிய தூரம் இல்லை, பதினெட்டுப் படிகள். மச்சான் புதிதாக ஓர் ஏணி வாங்கி மாடிப்படித் திருப்பத்தில் வைத்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அதை நான் தொடவில்லை. பிறகு ஏதாவது வளைந்தால் என்னைத்தான் சொல்வார்கள்.

கடைசியாக, அந்தப் பெண் எழுதியது உண்மையா என்று கேட்டீர்கள். அன்று நான் வாசித்துக்கொண்டிருந்தது நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம். கடக் என்றதும் நூற்றுப் பதினான்கு. இதெல்லாம் துல்லியமாக நினைவிருக்கிறது. எதன்மேல் நின்றுகொண்டிருந்தேன் என்பது மட்டும்தான் நினைவில்லை.