சோப்பு டப்பாவும் சீருடைப் பேண்ட்டும்

மூச்சை வெளியே விட்டுவிட்டுச் சாதாரணமாக நில்லுங்கள். அளவு கொடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறவர்கள்தான் பிறகு வந்து தையல்காரனைக் குறை சொல்வார்கள். இப்போது சரி. இடுப்பைச் சுற்றிக் குண்டூசி குத்தியிருக்கிறேன், அசைய வேண்டாம். சின்ன வேலைதான். இருந்து கையோடு வாங்கிக்கொண்டே போகலாம்.

அன்றைக்கு மண்டபத்தில் என்னதான் நடந்தது என்று கேட்டீர்கள். உங்கள் கப்பலின் இசைக்குழுவுக்கு ஆள் எடுக்க வந்தீர்கள். என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, மேடையேறிக் கிதார் வாசித்தான். நீங்கள் சிரித்த சிரிப்பில் இந்தப் பேண்ட்டின் கொக்கி தெறித்து, பின்பக்கத் தையலும் விட்டுப்போனது. பக்கத்தில் நல்ல தையல்காரர் உண்டா என்று நீங்கள் விசாரித்தபோது, தோற்றுப்போய்க் கிதாரை உறையில் போட்டுக்கொண்டிருந்த அவனே உங்களுக்கு வழி சொல்லியிருக்கிறான். "எங்க மாமாகிட்ட போங்க சார், அவர் தைச்சா தையல் இருக்கிறதே தெரியாது" என்றானாம். அவனைத் தோற்கடித்தது நான்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. காரணத்தைக் கேட்டால் நீங்களே தலையாட்டுவீர்கள்.

எனக்கு வேண்டியது என்னுடைய வெட்டும் அறை, அவ்வளவுதான். வேலை தேடி அவன் வந்து இறங்கியபோது, "கொஞ்ச நாள்தாங்க, பாவம்" என்றாள் என் மனைவி. துணி வெட்டும் மேசைக்கு அடியில் படுக்கையை விரித்தான். மேசைக்கு மேலே கிதார் ஏறியது. மூலையில் ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்தது. கத்தரிக்கோலை எடுக்கக் கையை நீட்டினால் வயர் சுற்றிக்கொள்ளும். நான் கோட்டுக்குத் தோள் வளைவு வெட்டுகிற நேரமாகப் பார்த்து ஒரு இழுப்பு இழுப்பான். அந்த இழுப்பில் ஒரு வங்கி மேலாளரின் கோட்டுக்கு இரண்டு கையையும் இடக் கையாகவே வெட்டிவிட்டேன். அவர் நல்ல மனிதர். போட்டுப் பார்த்துவிட்டு, தன் தோளில்தான் ஏதோ கோளாறு என்று மருத்துவரிடம் போனார்.

பிறகு அவனுக்குப் பெடல் ஆசை வந்தது. உங்களுக்குத் தெரியாததா, காலால் மிதித்தால் கிதாரின் சத்தம் கரகரவென்று உடைகிற டிஸ்டார்ஷன் பெடல். கடையில் விற்கிறதே என்றேன்.

"கடையில வாங்கினா அது கடைக்காரன் சத்தம் மாமா. நாமளே பண்ணினாத்தான் நம்ம சத்தம்."

என்னைக் கேட்காமலே என்னையும் சேர்த்துக்கொண்டான், பாருங்கள். அது ஒரு விஷயமே இல்லை. சும்மா சொல்கிறேன்.

அவனுக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கிருந்தோ ஒரு சர்க்யூட் படத்தை வரைந்துகொண்டு வந்தான். ஈயம் வைக்கச் சொன்னால் பற்பசை பிதுக்குவது போல வைத்தான். டிரான்சிஸ்டர் என்று மூன்று கால் உள்ள ஒரு பொருள். அதன் மூன்று காலையும் ஒரே ஈயக்கட்டிக்குள் புதைத்துவிட்டு, "பக்காவா நிக்குது மாமா" என்றான். பார்க்கச் சகிக்கவில்லை. ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை அவனிடமிருந்து வாங்கி நானே வைக்க ஆரம்பித்தேன். ஊசியில் நூல் கோத்த கை, நடுங்காது. ரெசிஸ்டர்களில் வண்ண வண்ணமாகக் கோடு இருக்கும். நூல்கண்டுக்கு நிறம் பார்த்துப் பழகியவனுக்கு அது சுலபம். பழுப்புக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் அவன் விழிப்பான், நான் எடுத்துக் கொடுப்பேன்.

முதலில் செய்தது புகைந்துபோனது. அது என் தொழில் செய்த வேலை. தையல்காரன் எப்போதும் துணியின் உள்பக்கத்தில்தான் குறி போடுவான், வெளிப்பக்கத்தில் போட மாட்டான். அந்தப் பழக்கத்தில், இந்தப் பாகங்களையெல்லாம் பொருத்துகிற சர்க்யூட் அட்டையையும் திருப்பிப் போட்டு வேலை செய்துவிட்டேன். படத்தில் இடப்பக்கம் இருந்ததெல்லாம் வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. டிரான்சிஸ்டர் தலைகீழ். பாட்டரியை மாட்டியதும் ஒரு நாற்றம் வந்தது, மனைவி அடுப்படியில் எதையோ தீய விட்டுவிட்டதாக நினைத்து ஓடினாள். நாங்கள் இரண்டு பேரும் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டோம். என் வயதுக்கு அது அதிகம்தான்.

இரண்டாவது சரியாக வந்தது. ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். "வேற ஒண்ணுமில்ல, சத்தத்தோட தலையையும் காலையும் வெட்டி விடுறீங்க, அதான் இந்தக் கரகரப்பு" என்றார். அப்படியென்றால் இது என் தொழில்தானே என்று எனக்கு ஒரு திருப்தி. சோப்பு டப்பாவுக்குள் அட்டையை வைத்திருந்தோம். அதைப் பார்த்ததும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இரும்பு டப்பாவுல போடுங்கய்யா. பிளாஸ்டிக்ல வெச்சா ஊர்ல இருக்கிற ரேடியோ எல்லாம் உள்ள வந்துடும்."

வந்தது. அன்று சாயங்காலமே வந்தது. மச்சினன் பெடலை மிதித்தான், ஸ்பீக்கரிலிருந்து ஒருவர் வெங்காய விலை சொன்னார். இவன் கிதாரை இழுத்தான், அவர் உருளைக்கிழங்குக்குப் போனார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. மறுநாள் பிஸ்கட் வந்த தகர டப்பா ஒன்றைத் துளைத்து அதற்குள் மாற்றினோம். ரேடியோ நின்றது. தடித்த கித்தான் துணியை ஒரே மூச்சில் கிழிப்பது போன்ற சத்தம் மட்டும் சுத்தமாக வந்தது. அருமையான சத்தம். அதைச் செய்தது நான்.

கொஞ்சம் திரும்புங்கள். அந்தப் பக்கமும் ஒரு ஊசி.

அப்புறம் உங்கள் விளம்பரம் வந்தது. தேர்வானால் கப்பலோடு போய்விட வேண்டும், சுலபத்தில் திரும்பி வர முடியாது என்றார்கள். மனைவி அழுதுகொண்டே சந்தோஷப்பட்டாள். நானும் சந்தோஷப்பட்டேன். அறை கிடைக்கப்போகிறதே. தேர்வு நடக்கப்போகிற மண்டபம் எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். வானொலி நிலையத்துக் கோபுரத்துக்கு நேர் கீழே என்றார்கள்.

தேர்வன்று காலையில் அவன் குளிக்கப் போயிருந்தபோது, தகர டப்பாவிலிருந்து அட்டையைக் கழற்றி மறுபடி சோப்பு டப்பாவுக்குள் வைத்துத் திருகிவிட்டேன். ஈரத் தலையோடு வந்து பார்த்தான்.

"என்ன மாமா, டப்பாவை மாத்திட்டீங்க?"

"கடல் காத்துடா. இரும்பு துருப்புடிச்சிடும்."

"ரேடியோ வந்துடாதே?"

"அதெல்லாம் உள்ள சரி பண்ணிட்டேன்."

"நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன் மாமா" என்று என் காலைத் தொட்டுவிட்டுக் கிளம்பினான். நானும் கூடவே வந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தகர டப்பா என் மடியில், துணிப்பைக்குள் பத்திரமாக இருந்தது.

மீதியை நீங்களே பார்த்தீர்கள். நன்றாகத்தான் ஆரம்பித்தான். உச்சக் கட்டத்தில் பெடலை மிதித்தான். ஒரு கால்நடை மருத்துவர் வந்து, கோழிகளுக்கு வரும் கழிச்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "எச்சத்தின் நிறத்தை உற்றுக் கவனிக்க வேண்டும்" என்று அவர் சொன்ன இடத்தில்தான் உங்கள் கொக்கி தெறித்தது. அவன் மட்டும் நிறுத்தவில்லை. முகம் வெளிறிப்போய், என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாசித்துக்கொண்டே இருந்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம், "மாமா மேல ஒரு தப்பும் இல்லக்கா, கோபுரத்தைக் கொண்டுவந்து அங்க வெச்சிருக்கானுங்க" என்றான். என்னைத் தேற்றுவதற்காக அன்று முழுக்க எனக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தான். எல்லாம் கோணல். பிரித்துத் தைத்தேன். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

கணக்கு உதைக்கிறதே என்று பார்க்கிறீர்கள். அறைதான் வேண்டுமென்றால் அவனைக் கப்பலேற்றியிருக்க வேண்டியதுதானே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அது ஒரு பரீட்சை. டப்பாவைத் திறந்து பார்க்காமல் யாரோ சொன்னதை நம்புகிறவன் கடலில் எப்படிப் பிழைப்பான்? பொறுப்புள்ள மனிதன் யோசிக்க மாட்டானா? தவிரவும், நீளமான திரைத்துணி வெட்டும்போது மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். என் மனைவி பேச்சு சுவாரசியத்தில் தொய்ய விட்டுவிடுவாள். அவன் பிடித்தால் கோடு போட்டது மாதிரி நிற்கும். பிடித்துக்கொண்டே ஏதாவது பாட்டை முணுமுணுப்பான். இதெல்லாம் பாசம் கீசம் இல்லை. தொழிலுக்கு வேண்டியது.

அந்தத் திரைக்குப் பின்னால் போய்ப் பேண்ட்டைக் கழற்றிக் கொடுங்கள். ஊசி குத்தாமல் பார்த்துக் கழற்றுங்கள். இந்தாருங்கள், துண்டு.

என்ன சொன்னீர்கள்? திரைக்குப் பின்னால் இருந்து பேசினால் சரியாகக் கேட்கவில்லை.

கோழி மருத்துவர் பேசியபோதும் அவன் தாளம் தப்பவில்லை என்கிறீர்கள். மேடையே ஆடினாலும் நிறுத்தாத ஆள்தான் கப்பலுக்கு வேண்டும் என்கிறீர்கள். தேர்வு எதுவும் வேண்டாம், திங்கட்கிழமை நீங்கள் கப்பலேறும்போது உங்கள் கையோடு அழைத்துப் போகிறீர்கள். அப்படியா? ரொம்ப சந்தோஷம். என் அறை எனக்குக் கிடைத்துவிடும். இதற்குத்தானே இவ்வளவு பாடுபட்டேன்.

உள்ளே கேட்கிறதே, அது அவன்தான். கேட்டுக்கொண்டிருங்கள், நன்றாக வாசிப்பான்.

நீங்கள் இல்லாமல் அவனை மட்டும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் அல்லவா? சீருடை இல்லாமல் உங்களையும் ஏற்ற மாட்டார்கள். வேறு பேண்ட்டும் கைவசம் இல்லை என்று வந்தவுடனே சொன்னீர்கள்.

அது கத்தரிக்கோல் சத்தம்தான், பதற்றப்பட வேண்டாம். இடுப்பைப் பிரித்ததில் துணி கொஞ்சம் தொல்லை கொடுக்கிறது. கால் இரண்டையும் முழுக்கப் பிரித்தால்தான் சரிப்படும் போலிருக்கிறது. சின்ன வேலை என்று நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும் சார், திங்கட்கிழமைக்குள் ஆகாது.