சுவர்ப் பல்லிக்குப் போன மருந்து

அப்பளம் பொரியும் இந்த வெயிலிலும் மாலையைக் கழற்றாமல் வீற்றிருக்கும் விழாத் தலைவர், அப்பள வணிகர் அம்பலவாணன் அண்ணாச்சி அவர்களே! கல்லிடைக்குறிச்சியின் நுரையீரல்களைச் சோதிக்கப் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கும் டாக்டர் ரீபா அவர்களே! சோடாவுக்குக் காத்திருக்கும் பெரியோர்களே! மாவு படிந்த கையோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

நுண்துகள்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைமுடியின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத பொடியர்கள் அவர்கள். பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். பொடியர்கள்தாம் நுரையீரலின் அடிவரை போவார்கள். பெரியவர்கள் வாசலில் வரவேற்பு வாங்கிக்கொண்டு நிற்பதும், சின்னவர்கள் உள்ளே போய்க் காரியம் முடிப்பதும் உடம்புக்குள்ளும் நடக்கிறது. நான் மேடையைச் சொல்லவில்லை. ஏன் சிரிக்கிறீர்கள்?

அதோ, மூன்றாம் வரிசையில் பச்சைச் சேலை கட்டியிருக்கும் முத்துராணி. அண்ணாச்சியின் கூடத்தில் அப்பளம் தேய்ப்பவர். அம்மன் கோவில் கொடை விழாவில் இவர் குலவை எழுப்பினால்தான் மற்றப் பெண்கள் வாய் திறப்பார்கள். போன கொடையில் பாதிக் குலவையில் மூச்சு இழுத்தது. உட்கார்ந்துவிட்டார். வருகிற செவ்வாய் மறுபடியும் கொடை. குலவை வருமா, இருமல் வருமா? ஊரே கேட்கிறது.

பாளையங்கோட்டைக்குப் போனபோது டாக்டர் ரீபா மருந்து கொடுத்தார். சின்னக் குழாயில் கேப்சூலைப் போட்டுத் திருகி, உள்ளிருக்கும் பொடியை மூச்சோடு இழுக்க வேண்டும். இழுப்பு குறைந்ததா? இல்லை. மருந்தைக் கூட்டினார். அப்போதும் குறையவில்லை. டாக்டருக்கே சந்தேகம் வந்தது.

"அக்கா, வீட்டுல எப்படி எடுக்கீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க."

முத்துராணி குழாயை வாயில் வைத்தார். கண்ணை மூடினார். ஊதினார்! மருந்து மேசையைத் தாண்டிப் பறந்தது.

"என்னக்கா, ஊதுதீங்க!"

"பொடின்னா ஊதத்தானே செய்யணும், டாக்டரம்மா?"

அப்பளம் ஒட்டாதிருக்கத் தூவும் மாவை, அடுக்குமுன் ஊதித் தள்ளியே பழகிய வாய் அல்லவா! தலைவர் கனைக்கிறார். ஆமாம் அண்ணாச்சி, இப்போது துணியால்தான் தட்டுகிறார்கள். வாங்குவோர் அஞ்ச வேண்டாம்.

கூடப் போயிருந்த கலைச்செல்வி, இவருக்குப் பக்கத்துப் பலகையில் தேய்ப்பவர், விடுவாரா? "ஏக்கா, அத்தனை மருந்தும் உங்க வீட்டுச் சுவத்துப் பல்லிக்கில்லா போயிருக்கு! அதுக்கு இனி இந்த சென்மத்துல இழுப்பு வராது!"

"சும்மா கெடட்டி!"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பதனியைப் பனையோலைப் பட்டையில உறிஞ்சுவீங்கல்லா? அதே மாதிரி இழுங்க" என்றார்.

"அதை மொதல்லயே சொல்லக் கூடாதா?"

இழுத்தார். மருந்து முதல்முறையாக முத்துராணிக்குள் போனது.

மருந்து அதேதான். மாறியது திசை! ஆனால் தாய்மார்களே, மருந்துப் பொடியை எந்த அளவுக்கு நுணுக்கி அரைக்கிறார்களோ, அதே அளவுத் துகள் நம் மாவிலும் பறக்கிறது. மூச்சுக்குழல் யாரையும் விசாரித்து உள்ளே விடுவதில்லை. பகலெல்லாம் நோயை இழுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மருந்தை இழுத்தால் எது ஜெயிக்கும்? மாவு பறந்தால் நட்டம் என்று மாவு சலிக்கும் அறையின் ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறோம். வெளியே பறக்காத மாவு எங்கே போகிறது? மார்புக்குள் போகிறது! நாடெங்கும் அப்பளம் அனுப்புகிறவர்கள் நாம். நமக்கு எதற்கு நுரையீரலில் ஒரு கிடங்கு?

அண்ணாச்சி, ஜன்னலைத் திறப்பீர்களா? தூசியை வெளியே தள்ளும் விசிறி போடுவீர்களா? தலையசைக்கிறார். எந்தப் பக்கம் என்றுதான் விளங்கவில்லை. தயவுசெய்து மைக்கில் சொல்லுங்கள்.

"போடுதேன்வே! நாளைக்கே போடுதேன். நீரு பேச்சை முடியும்!"

கேட்டீர்களா? கைதட்டல் போதாது. முத்துராணி அம்மா, எழுந்திருங்கள்! அண்ணாச்சி மனசு மாறுமுன் ஒரு குலவை!

அடேயப்பா! பந்தலே அதிர்கிறது. குலவை இன்னும் முடியவில்லை. நான் முடித்துக்கொள்கிறேன்; எனக்கு மூச்சு வாங்குகிறது, அவருக்கு வாங்கவில்லை. காது கொடுத்த உங்களுக்கும், காற்று கொடுத்த அண்ணாச்சிக்கும் நன்றி, வணக்கம்!