கீழே வராத கோல்

லண்டனில், தோர்ண்டன் ஹீத் நிலையத்தில் ஏறிய இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள் ரயிலில் எனக்கு எதிரே அமர்ந்தார்கள். இளையவர், ஸ்கொட்லாந்துப் பைக்குழல் ஊதிச் செல்லும் ஒரு பைப் பாண்டுக்கு முன்னால் கோல் சுழற்றி நடப்பவர். ஸ்கொட்லாந்தில் போட்டி முடித்து முதல்நாள்தான் திரும்பியிருந்தார்.

"மேலை எறிஞ்ச கோல் கீழை வரேல்லை, அண்ணை."

"எங்கை போனது?"

"நடுவர்மாற்றை கூடாரத்துக்கு மேலை."

"ஐயோ! நிண்டிட்டீரோ?"

"நிக்க ஏலுமே? பின்னாலை இருபது பேர் ஊதிக்கொண்டு வருகினம். கையிலை கோல் இருக்கிறமாதிரியே நடந்தன்."

"சனம் சிரிச்சிருக்குமே?"

"விழுந்து விழுந்து சிரிச்சுது. எனக்கு ரோசம் வந்திட்டுது. வெறுங்கையாலை சுழட்டி, மேலை எறிஞ்சு, அண்ணாந்து பாத்து, பிடிச்சன். பிறகு ஒரே கைதட்டல்."

"பரிசு?"

"பாண்டுக்கு மூண்டாமிடம். எனக்கு ஒண்டுமில்லை. இந்தக் கோடை முடியுமட்டும் நீதான் முன்னாலை எண்டு பாண்ட் தலைவர் சொல்லிப்போட்டார்."

"நடுவர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

இளையவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார்.

"எழுதியெல்லோ தந்தவர். முதல் எறிஞ்சது பிழையாம். ரெண்டாவது எறிஞ்சது திறமாம்."