காப்புக் கட்டுவதற்கு முன்னால்

முளைப்பாரி வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. வெயில் படக் கூடாது, வளர்க்கிறவள் மனத்தில் கோபம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மண்சட்டியில் வைக்கோலும் காய்ந்த சாணமும் பரப்பி, மொச்சை, தட்டாம்பயறு, கம்பு என்று கலந்து விதைத்து, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வந்தால் போதும். தேர்நாளுக்குள் முழ உயரம் எழுந்து நிற்கும்.

எங்கள் ஊர் சுருளிப்பட்டிக்குப் பக்கம். ஊர் முளைப்பாரி முழுவதும் எங்கள் வீட்டு உள்ளறையில்தான் வளரும். நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான். காப்புக் கட்டி விதை போட்டுவிட்டால், சாயங்காலம் ஆனதும் பெண்கள் எல்லாரும் குளித்து முழுகி எங்கள் வாசலுக்குக் கும்மி கொட்ட வருவார்கள். நான் சுண்டல் அவித்து வைப்பேன். மற்ற நாட்களில் நான் ஜீப்காரர் பெண்டாட்டி. அந்த நாட்களில் மட்டும் 'சங்கிலி, சங்கிலி' என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள்.

எங்கள் பக்கம் வருடம் ஓடுவதே தெரியாது. ஆனியில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தால் நாற்றங்கால், ஆடியில் கூழ், ஐப்பசியில் மழையும் தீபாவளியும், தையில் பொங்கல். இதற்கெல்லாம் நடுவே திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டு, குலை வெட்டு. பந்தலுக்குக் கீழே அண்ணாந்தே நின்று கழுத்து பிடித்துக்கொள்ளும். வேலையில் பிறந்து வேலையில் முடியும் நாட்கள். மாசித் திருவிழா ஒன்றைத்தான் நான் எதிர்பார்த்துக் கிடப்பேன்.

என் வீட்டுக்காரர் முத்துராஜா நல்ல மனிதர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். குடியில்லை, கை நீட்டியதில்லை. விடிவதற்கு முன் ஜீப்பில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். மலையாளம் பேசுவார். வரும்போது எனக்கு ஏத்தங்காய் வறுவல் வாங்கி வருவார். மூன்று வருடத்துக்கு முன்னால் குமுளி ஸ்டாண்டில் ஜீப்புக்கு அருகிலேயே சுருண்டு விழுந்தார். வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. காது மட்டும் நன்றாகக் கேட்கும். கண் நம்மைத் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

அவரைப் படுக்க வைக்க வேறு இடம் இல்லை. உள்ளறையில்தான் கட்டிலைப் போட்டோம். மலஜலம் எல்லாம் அங்கேயே. அந்த அறையில் எப்படிச் சாமி விதையைப் போடுவது? ஈஸ்வரபாண்டி அண்ணன்தான் ஊர்ப் பெரியவர். அவர் வந்து, "தங்கச்சி, மச்சான் தேறுற மட்டும் எதிர்த் தெரு மாரீஸ்வரி வீட்டுல வச்சுக்கிருவோம். நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத" என்றார். நான் மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. கும்மிச் சத்தம் எதிர்த் தெருவிலிருந்து கேட்கும். நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பேன். விழுங்க அவருக்கு நேரம் பிடிக்கும்.

போன மாசியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் உங்களுக்கு விளங்கும். காப்புக் கட்டி, விதை போட்டு, முளை விரல் உயரம் வந்திருந்தது. அப்போது பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளுடைய மாமனார் இறந்துபோனார். காப்புக் கட்டிய பிறகு ஊருக்குள் சாவு விழுந்தால் எங்கள் ஊரில் திருவிழா நின்றுவிடும். கொட்டு நின்றது. பந்தலைப் பிரித்தார்கள். வளர்ந்தது பாதி வளராதது பாதியாக முளைப்பாரியை எல்லாம் வாய்க்காலில் கொட்டினோம். அடுத்த வாரமே பருவம் தப்பிய மழை வந்து பன்னீர்த் திராட்சை கொடியிலேயே வெடித்தது. அதற்கும் பாண்டியம்மாள் வீட்டுச் சாவுதான் காரணம் என்றார்கள். தோட்டத்தில் அவளுக்குப் பக்கத்து வரிசையில் குலை வெட்ட ஒருத்தியும் வரவில்லை. அவள் என்னிடம் ஒரு நாள் சொன்னாள்: "எங்க மாமா ஒரு வாரம் முந்திப் போயிருந்தா நான் மனுசியா இருந்திருப்பேன்க்கா." அவள் அழவில்லை. சும்மா சொன்னாள். அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது.

இந்த வருடம் பொங்கல் முடிந்ததும் ஊர் கூடி நாள் குறித்தார்கள். மறுநாள் ஈஸ்வரபாண்டி அண்ணன் வீட்டுக்கு வந்தார். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போகவில்லை, நடையிலேயே நின்றார்.

"மச்சானுக்கு எப்படி இருக்கு, தங்கச்சி?"

"அப்படியேதாண்ணே இருக்காக."

"டாக்டரு கைவிட்டுட்டதாச் சொன்னாகளே."

"ஆமாண்ணே."

"போன வருசம் மாதிரி ஆயிறக் கூடாதேன்னுதான் எல்லாருக்கும் பயம். காப்புக் கட்டிட்டா நம்ம கையில ஒண்ணும் இல்ல பாத்துக்க." "ஆத்தா பாத்துக்கிருவா" என்றார், போய்விட்டார்.

அவர் மேல் வழக்கு எதுவும் போட வேண்டாம். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் வாடகைக் கார் பிடித்து அவரைத் தேனிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சின்னப் பையன்தான், பொறுமையாகப் பார்த்தான். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னான்: "நல்லாத் தேறிட்டு வர்றாரும்மா. வலது கை விரல்ல அசைவு வந்திருக்கு பாருங்க. பயிற்சிய விடாதீங்க. பேச்சுகூடக் கொஞ்சம் திரும்பலாம்."

"எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டேன்.

"அதச் சொல்ல முடியாதும்மா. ஆனா உயிருக்கு ஒரு பயமும் இல்ல. நெஞ்சு வலுவா இருக்கு. இப்படியே இன்னும் இருபது வருசம் இருப்பாரு."

எனக்குச் சந்தோஷம் தருவதாக நினைத்துத்தான் அவன் சொன்னான். ஊர் வந்து சேர்ந்தபோது அவரை இறக்கப் பாண்டியம்மாள் ஓடிவந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். "கைவிட்டுட்டாக" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது. அவர் காரிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கேட்கும் என்று முன்னமே சொன்னேன்.

என் மகள் அனுஷ்கா கோயம்புத்தூரில் பிசியோதெரபி படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் முகம் பார்த்து அவருக்குப் பயிற்சி சொல்லிக் கொடுப்பாள். "அப்பா, கட்டை விரலத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம்." அவரும் முகமெல்லாம் வேர்க்கத் தூக்குவார். அவள் கை தட்டுவாள். பிறகு போனை வைத்துவிடுவாள். துணி மாற்றுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும், முதுகுப் புண்ணுக்கு மருந்து வைப்பதும் என் வேலை. அவளைக் குறை சொல்லவில்லை. படிக்கிற பிள்ளை. நாள் குறித்த பிறகு, போனில் முகம் தெரிகிற பக்கம் உடைந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன்.

இனி அந்தக் காலையைச் சொல்கிறேன். தைப்பூசம் கழிந்த வாரம். மலைப்பனி இறங்கி, எதிர் வீட்டு விளக்குகூடப் புகைமாதிரித் தெரிந்தது. அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பங்காளிகளுக்குத் தீட்டுக் கழிந்தால்தான் அவர்கள் காப்புக் கட்ட முடியும். அதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன். யாருக்கும் இடைஞ்சல் வரக் கூடாது.

என்ன செய்தேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தான். கிடையில் கிடக்கும் கிழடுகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி மேலே அனுப்பிவைப்பது எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. அவருடைய சித்தப்பாவுக்கு அப்படிச் செய்தபோது இளநீர் வெட்டிக் கொடுத்ததே இவர்தான். ஆனால் இவர் கிழவர் இல்லை. ஐம்பத்தாறு வயது. அதனால்தான் ஊரைக் கூட்டவில்லை, நானே செய்தேன்.

எண்ணெய்ச் சொம்பைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. "சும்மா இருங்க, குளிக்கத்தான்" என்று சொன்னேன். சக்கர நாற்காலியில் உட்கார வைத்து முற்றத்துக்குக் கொண்டுபோனேன். தலை நிறைய எண்ணெய் வைத்தேன். தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தபோது அவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். வலது கையால். டாக்டர் சொன்னது சரிதான், நல்ல பிடிமானம் வந்திருந்தது. அனுஷ்கா பார்த்திருந்தால் கை தட்டியிருப்பாள். நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு, கையை அவர் மடியில் வைத்தேன். மறுபடியும் பிடித்தார். மறுபடியும் பிரித்துவிட்டேன். அவர் என்னைத் தடுத்ததாக நீங்கள் நினைப்பீர்கள். முப்பது வருடம் அவரோடு வாழ்ந்தவள் நான். பிரிய மனமில்லாமல் பிடித்தார்.

தண்ணீர் ஊற்றி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு இளநீர் கொடுத்தேன். பனியில் உட்கார வைத்தேன், துவட்டவில்லை. நானும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். என் சேலையும் நனைந்துதான் இருந்தது. அன்று சாயங்காலம் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் மூச்சு நின்றது. அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

ஈஸ்வரபாண்டி அண்ணன் மாலை போட வந்தார். "புண்ணியவான், நேரம் பாத்துப் போயிருக்காக" என்றார். கூட்டத்தில் நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். நான் அழுதேன். பொய் அழுகை இல்லை.

அனுஷ்கா காரியம் முடியும் வரை இருந்தாள். போவதற்கு முன் அடுப்படிக்கு வந்து, "டாக்டர் என்ன சொன்னாரும்மா?" என்று கேட்டாள்.

"கைவிட்டுட்டாக."

"நான் அவர்கிட்ட பேசிட்டேன்" என்றாள். நான் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை எடுக்காமல் பஸ் ஏறினாள்.

உங்களிடம் வந்து அவள் மனு கொடுத்தது திருவிழா முடிந்த பிறகுதான். முந்தியே கொடுத்திருந்தால் ஊருக்குள் போலீஸ் வந்து எல்லாம் கெட்டிருக்கும். அந்த மட்டுக்கும் அவளுக்குப் புத்தி இருக்கிறது.

திருவிழா நன்றாக நடந்தது என்றார்கள். கொட்டுச் சத்தம் எனக்குக் கேட்டது. உள்ளறையை நான் கழுவி, சாணம் மெழுகி, சாம்பிராணி போட்டு வைத்திருந்தேன். கட்டிலைக்கூடக் கழற்றிப் போட்டுவிட்டேன். விதை போடுகிற நாளில் பெண்கள் வந்தார்கள். பரணில் இருக்கும் மண்சட்டிகளைக் கேட்டார்கள். இறக்கிக் கொடுத்தேன். மாரீஸ்வரி வாசலில் நின்றபடியே, "தாலி அறுத்த வீட்டுல வைக்க முடியாதுக்கா. உனக்குத் தெரியாததா?" என்றாள். எனக்குத் தெரியும். இத்தனை வருடம் மற்றவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஏனோ அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. பாண்டியம்மாள் ஒரு சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாருடனும் சிரித்துப் பேசிக்கொண்டு போனாள். அவளை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். நல்லதுதான்.

எரித்த உடம்பில் சாட்சி ஒன்றும் கிடைக்காது என்று உங்கள் ஏட்டையா வெளியில் பேசியது காதில் விழுந்தது. நான் சொல்லாவிட்டால் நீங்கள் என்னை அனுப்பிவிட வேண்டியதுதான். ஆனால் வீட்டுக்குப் போய் என்ன செய்வது? விடிந்தால் எழுந்து யாருக்கும் கஞ்சி காய்ச்ச வேண்டியதில்லை. தூங்கலாம் என்று இருந்தேன். தூக்கமும் வரவில்லை. அலுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் எழுதிக்கொள்ளுங்கள். முத்துராஜாவைக் கொன்றது அவர் பெண்டாட்டி சங்கிலியம்மாள். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை.

தேறிக்கொண்டிருந்த மனிதரால் திருவிழா எப்படி நிற்கும் என்று கேட்கிறீர்கள். டாக்டர் சொல்வதையெல்லாம் நம்பி ஊர்க்காரியத்தில் விளையாட முடியுமா, அம்மா? நான் ஊருக்காகத்தான் செய்தேன். எனக்காக என்றால், தேனியிலிருந்து வந்த கையோடு, தீபாவளிக்கு எண்ணெய் ஆட்டியபோது இதற்கென்று ஒரு சொம்பு தனியாக எடுத்து வைத்தேனே, அன்றைக்கே செய்திருப்பேன்.