புதன்கிழமை வரைந்த முகம்

நான் லேயருக்கெல்லாம் பேர் வச்சுத்தான் வரைவேன், டீச்சர். இடது கண், வலது கண், முடி, முடியோட நிழல். இந்தக் கடிதத்தைப் பிரின்சிபல் ஃபாதரும் படிப்பாருன்னு சொன்னீங்க, அதனால அவருக்காக ஒரு வரி: டேப்லெட்ல வரையறது கண்ணாடித் தாளை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி வரையற மாதிரி, ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். ஜிஸ்மோள் எதுக்கும் பேர் வைக்க மாட்டா. அவ படத்துல நூத்து நாப்பத்து மூணு லேயர் கிடக்கும், மூக்கு எதுல இருக்குன்னு அவளுக்கே தெரியாது. கேட்டா, "போடீ, மூக்கு எங்க ஓடிடப் போகுது"ன்னு சிரிப்பா. ரெண்டு வருஷம் ஒரே ரூம்ல இருந்தோம். அவ கட்டில்ல போட்டுட்டுப் போற ஈரத் துண்டை நான்தான் எடுத்துக் காயப்போடுவேன்.

இந்த செமஸ்டர்ல துக்கத்தை வரையச் சொன்னீங்க. சர்ச் முற்றத்துல அழற ஒரு கிழவியை வரைஞ்சேன். பதினோரு நாள் வேலை. கண்ணீர்த் துளிக்குள்ள மெழுகுவத்தி வெளிச்சம்கூடத் தெரியும். பார்த்துட்டு, "நல்லா இருக்கு ரின்ஸி, சுத்தமா இருக்கு"ன்னீங்க. சுத்தமா இருக்குன்னு வாசல் பெருக்கினவகிட்ட சொல்லலாம்.

அடுத்தது ஜிஸ்மோள். அவளைப் பெத்த அப்பச்சன் குவைத்துல செத்து, நெடும்பாசேரி ஏர்போர்ட் கார்கோ கேட் வழியா சவப்பெட்டியில வந்தாரு. கூடவே அவரோட சூட்கேசும் வந்தது. அந்த சூட்கேஸ் மேல உட்கார்ந்து, அதுக்குள்ள இருந்த சாக்லேட்டை அவ தம்பி தின்னுட்டு இருக்கிறதை வரைஞ்சிருந்தா. உதடெல்லாம் சாக்லேட். படத்துல ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. நீங்க எழுந்து வராந்தாவுக்குப் போயிட்டீங்க.

எனக்கு வயிறு எரிஞ்சது. அதை மறைக்கலை. எங்க வீட்டுல யாரும் சாகலை, டீச்சர். என் அப்பச்சன் எங்க ஊர் பாலாவுல ரப்பர் தோட்டத்துக்குப் போயிட்டுப் பத்து மணிக்கெல்லாம் பத்திரமா வந்து கஞ்சி குடிப்பாரு. அது என் குத்தமா? அவளுக்கு மட்டும் துக்கம் வீட்டு வாசலுக்கே வந்து இறங்கும், நான் மட்டும் கற்பனை பண்ணி வரையணுமா?

மெஷின் தானாவே படம் போட ஆரம்பிச்ச பிறகு நம்ம காலேஜ்ல வந்த சட்டம் உங்களுக்குத் தெரியும். லேயர் பிரிஞ்சிருக்கிற ஃபைலும், முதல் கோட்டுலேர்ந்து கடைசிக் கோடு வரைக்கும் டேப் தானா எடுக்கிற பதிவும் சேர்த்துக் கொடுக்கணும். இல்லாட்டி அது திருட்டுப் படம். அந்தப் புதன்கிழமை சாயாவுக்கு அப்புறம் ஜிஸ்மோள் டேபைத் தூக்கிட்டு வந்தா.

"எடீ ரின்ஸி, இடம் இல்லை இடம் இல்லைன்னு கத்துது இந்த சனியன். எதை அழிக்கணும்னு எனக்குத் தெரியாது. நீயே பார்த்து சரி பண்ணி, படத்தையும் டீச்சருக்கு அனுப்பிவிடு மோளே."

பார்த்தேன். இடத்தை அடைச்சுட்டு இருந்தது அந்தப் பதிவுதான். அதை அழிச்சேன். நூத்து நாப்பத்து மூணு லேயரையும் ஒண்ணாச் சேர்த்தேன், மூடினேன். மூடிட்டா திரும்பப் பிரிக்க முடியாது. அப்படியே அனுப்பிவிட்டேன். ரெண்டு நிமிஷ வேலை. "நீ இல்லாட்டி நான் என்னடீ பண்ணுவேன்"னு கன்னத்தைக் கிள்ளிட்டு அவ குளிக்கப் போனா. நான் என் டேபைத் திறந்து புதுத் தாள் போட்டேன்.

பதிவு இல்லைன்னு வெள்ளிக்கிழமை நடந்த விசாரணையில நீங்க மூணு பேர் இருந்தீங்க. அவ உங்களைப் பார்த்து, "நான் வரைஞ்சது டீச்சர், என் தம்பி அது"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னா. அப்புறம், ரின்ஸிதான் இடம் ஒழிச்சுத் தந்தா, பதிவு அப்போ போயிருக்கலாம்னா. என்னைக் கேட்டீங்க. பழைய போட்டோ ரெண்டுதான் அழிச்சேன், அவ அதை வரையறதை நான் பார்த்ததே இல்லைன்னு சொன்னேன். அவ திரும்பி என்னைப் பார்த்தா. அந்த முகத்தை நான் நல்லா கவனிச்சேன்.

ரூமுக்கு வந்ததும் அவதான் என்கிட்ட மன்னிப்புக் கேட்டா. "நானே கைதவறி அழிச்சிருப்பேன்டீ. உன் பேரை இழுத்துட்டேன், மனசுல வச்சுக்காதே." காலேஜை விட்டு அவளை அனுப்பினப்போ பெட்டி கட்ட நான் உதவினேன். இப்போ கட்டப்பனையில ஒரு துணிக்கடையில நிக்கிறா. டேபை வித்துட்டா. வரையறதில்லையாம்.

அதுக்கப்புறம்தான் என் படம் மாநிலப் போட்டியில முதல் பரிசு வாங்கினது. நாற்காலியில உட்கார்ந்து, தன்னை யாருமே நம்பலைன்னு தெரிஞ்ச ஒரு பொண்ணு. பார்த்தவங்க அழுதாங்கன்னு கேள்விப்பட்டேன். ஆனா நீங்க என்ன சொன்னீங்க? "ரின்ஸி கையில இது வராது, மெஷின் வேலையா இருக்கும், பதிவைக் கொண்டா"ன்னீங்க.

இது போட்டிப் படம், காலேஜ் சட்டம் இதுக்குக் கிடையாது; பதிவு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருந்தா பரிசு மட்டும்தான் போயிருக்கும். என் பேர்ல யாருக்கும் வேற சந்தேகமே வந்திருக்காது. ஆனாலும் கொண்டு வந்து கொடுத்தேன். நீங்க தேதியைப் பார்த்தீங்க. வெள்ளிக்கிழமை நடந்ததைப் புதன்கிழமையே எப்படி வரைய ஆரம்பிச்சேன்னு கேட்டீங்க.

அதுக்குப் பதில் இதுதான். என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும், ஏன்னா நடத்தினது நான். உட்கார்ந்திருக்கிறது, முதுகு வளையறது எல்லாம் புதன்கிழமையே சரியா வந்துடுச்சு. கையை மட்டும் வாயைப் பொத்தின மாதிரி போட்டிருந்தேன். நேர்ல அவ ஷால் நுனியை மடிச்சு மடிச்சு விரிச்சுட்டு இருந்தா. வெள்ளிக்கிழமை வந்து அதைத் திருத்தினேன், முகத்தையும் முடிச்சேன். பதிவுல எல்லாம் இருக்கும்.

ஜிஸ்மோளோட பதிவை அழிச்சது நான். உங்க மூணு பேர் முன்னாடி பொய் சொன்னதும் நான். காலேஜை விட்டு அனுப்பினாலும் போயிடறேன். அவகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னா கட்டப்பனைக்கே போய்க் கேக்கறேன். அப்போ அந்தப் படத்தையும் எடுத்துட்டுப் போக அனுமதி வேணும், டீச்சர். அவளுக்குத்தான் படம் பார்க்கத் தெரியும். அதைப் பார்த்து அவ அழுதுட்டான்னா, நான் சரியாத்தான் வரைஞ்சிருக்கேன்னு அர்த்தம்.